எதிராளியின் நாற்காலி

வேலையை விட்டு வந்தபின் என்னை யாரும் தேடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போன மாதம் அலுவலகத்திலிருந்து நிவேதா போன் செய்தாள். எனக்குப் பின் என் இடத்துக்கு வந்தவள், கெட்டிக்காரி. "எஸ்தர்க்கா, புதுசா சேர்ந்தவங்களுக்கு டிஜிட்டல் சேஃப்டி டிரெய்னிங் வெச்சிருக்கோம். நீங்க ஒரு பத்து ஸ்லைடு போட்டுக் குடுத்தீங்கன்னா சூப்பரா இருக்கும்" என்றாள். சரி என்றுதான் முதலில் சொன்னேன். பேச்சுவாக்கில் அவளே இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் ஆய்வில் மக்கள் பேசிய ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து கேட்டு எழுதுவதில்லையாம். ஒரு செயலியில் ஏற்றிவிட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம்.

"யாரோட பதிவெல்லாம் ஏத்தினீங்க?"

"இந்த வருஷத்துது எல்லாமேதான்க்கா."

"ஏத்தினா அது எங்கம்மா போவுது?"

"கிளவுடுக்குப் போவுதுக்கா."

எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. மேகமென்றால் எங்காவது போய்ப் பெய்யத்தானே செய்யும், எங்கே பெய்யும் என்று கேட்டீர்களா என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஸ்லைடு போடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது பத்துக் கட்டத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

நான் முசரவாக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் இறங்கி உழைத்தவர்கள். நான் டைப்ரைட்டிங் படித்து, காஞ்சிபுரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து சரோஜினி மேடத்தின் அலுவலகத்துக்குப் போனேன். நீர்நிலைகளையும் சாயக்கழிவையும் பற்றி ஆய்வு செய்கிற சின்ன அமைப்பு அது. நாலு மேசை, ஒரு பீரோ, எப்போதும் ஒழுகுகிற ஒரு குழாய். ஆய்வுக்குப் போகிறவர்கள் பாட்டிலில் தண்ணீரும், கேமராவில் படமும், மக்கள் சொன்ன வார்த்தைகளும் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தது போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. காகிதத்தில் அதற்குத் 'தகவல் பாதுகாப்பு மற்றும் இடர் மதிப்பீடு' என்று பெயர். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. 'எம்பொண்ணு கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதில் ஒன்றும் தப்பில்லை.

படித்ததெல்லாம் போகப் போகத்தான். சென்னையிலும் பெங்களூரிலும் சில பயிற்சிகள், நிறைய இரவல் புத்தகங்கள். அவற்றைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். உண்மையான படிப்பு மேடத்திடம்தான் நடந்தது.

சரோஜினி மேடம் வேலூர்க்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, எல்லாம் இயந்திரமயமானபின் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த அமைப்பைத் தொடங்கியவர். கம்ப்யூட்டர் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. மவுஸை, அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைத் தொடுவதுபோலத்தான் தொடுவார். ஆனால் ஒரு சேதி எந்த இடத்தில் கசியும் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. நான் சேர்ந்த அன்றே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"போன்ல ரெண்டு பேர் பேசறாங்கன்னு நெனைக்காத, எஸ்தரு. மூணு பேர். நடுவுல ஒருத்தி காதுல மாட்டிக்கினு உக்காந்திருப்பா. ரொம்ப வருஷம் அந்த ஒருத்தி நான்தான். கேக்கக் கூடாதுதான். காதுக்கு மூடியா இருக்குது?"

அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். மிகவும் கோபம் என்றால் பக்கத்தில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டும். அப்போதும் பெரிதாக ஒன்றும் வராது. "உஷார்" என்று ஒற்றைச் சொல் வரும். ஒரு விஷயத்தில் முடிவெடுத்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துவைப்பார். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

அவர் முதலில் கைவைத்தது எங்கள் ஆய்வுப் படிவத்தில். ஆய்வுக்குப் போகிறவர்கள் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் என்று கேட்டு நிரப்பிக்கொண்டு வருவார்கள். மேடம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்டார். "இருக்கட்டும் மேடம், பின்னாடி உதவும்" என்றார்கள். "யாருக்கு உதவும்?" என்றார். பதில் வராத வரியையெல்லாம் அடித்துவிட்டார். கடைசியில் படிவத்தில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். நம்மிடம் இல்லாததை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்படியும் நாங்கள் ஆபத்தை வெகு தூரத்தில்தான் தேடிக்கொண்டிருந்தோம். எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து ஒருவன் எங்கள் மின்னஞ்சலை உடைக்கப் போகிறான் என்று பயந்து, பாஸ்வேர்டை அனுமார் வால்போல நீட்டி, பிறகு அதை மறந்துபோய், நாங்களே வெளியே நின்ற நாட்கள் உண்டு. ஆபத்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது.

டேவிட் என்று ஒரு தம்பி எங்களிடம் கள ஆய்வாளராக இருந்தான். ஐயம்பேட்டைக்காரன், பாட்டுப் பைத்தியம். அப்போதெல்லாம் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்தன. ஏரிக் கால்வாயில் சாயத் தண்ணீர் ஓடுவதைப் படமெடுத்த அதே கார்டை, வரும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த ஒரு கடையில் கொடுத்துப் பாட்டு ஏற்றியிருக்கிறான். கடைக்காரர் கார்டில் இருப்பதையெல்லாம் தன் கணினியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிற பழக்கமுள்ளவர். கொஞ்ச நாள் கழித்து, டீக்கடையில் ஒரு சாயப்பட்டறை மேனேஜர் டேவிட்டின் தோளில் கைபோட்டார். "போட்டோலாம் சூப்பரா எடுத்துக்கிறப்பா. கொடத்தோட ஒரு அம்மா நிக்குதே, அது யாரு?" என்றார்.

டேவிட் வெளிறிப்போய் வந்து நின்றான். நல்லவேளை, அந்த அம்மா மகள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர், அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார். அது வெறும் அதிர்ஷ்டம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலை இறக்கி, "இன்னா பாட்டு ஏத்துன?" என்றார். அவன் சொன்னான். "பாட்டாவது நல்லா இருந்துச்சா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. மறுநாள் தன் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து அலுவலகத்தில் வைத்துவிட்டார். டேவிட் அதன்பின் கேமராவைக் கோயில் உண்டியல்போலக் காத்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்ததுதான் நாற்காலி. கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மூலையில் கிடந்தது. மேடம் அதை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டு, "இனிமே இது எதிராளி உக்கார்ற சேர்" என்றார். அறிக்கையோ படமோ ஒலிப்பதிவோ, எது அலுவலகத்தைவிட்டு வெளியே போவதானாலும், போவதற்கு முன் எங்களில் ஒருவர் அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் யார் என்பதை மேடம்தான் சொல்வார். நீ இப்போது பட்டறை மேனேஜர். நீ இப்போது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். நீ இப்போது அவர்களுடைய வக்கீல். அந்த ஆளுக்கு என்னென்ன தெரியுமோ, யார் யார் பழக்கமோ, அத்தனையையும் வைத்துக்கொண்டு, இதில் பேசியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. கண்டுபிடித்துவிட்டால் சரக்கு திரும்ப என் மேசைக்கு வரும்.

எனக்கு அந்த நாற்காலி மிகவும் பிடித்துப்போனது. கெட்டவளாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஒருமுறை அறிக்கையில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, 'ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரே ஒருவர்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இனி கௌரியின் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர்கள் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார்கள். மழைக்காலத்தில் சில தெருக்களில் அந்தத் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். அது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஊறுகிறது என்று சேதி வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. மழை பிடித்தால் போதும், கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுவார்கள். கேட்டால் எல்லாம் மழைத்தண்ணீர் என்பார்கள். அங்கே நெய்கிற கௌரிக்குக் கால் விரலிடுக்கிலிருந்து கணுக்கால்வரை புண். ஆறுவதும் மழை வந்தால் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது. அவளுக்கு நெய்யப் பட்டு கொடுப்பதே அந்தப் பட்டறை முதலாளிதான். பட்டும் அவருடையது, சரிகையும் அவருடையது, குடியிருந்த வீடும் அவருடையது. கால் மட்டும்தான் கௌரியுடையது.

அவளை முதலில் சந்திக்க மேடம் தேர்ந்தெடுத்தது கருடசேவைக் கூட்டத்தை. அன்றைக்கு யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள், சாமியைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் என்று தயங்கினேன். "ஏசு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு, வா" என்றார். போன்களை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனோம். அணைத்துவைக்கவில்லை. போனை அணைத்தால், எப்போது அணைத்தோம் என்பதே ஒரு தகவலாகிவிடும். அது பாட்டுக்கு மேசைமேல் அடித்துக்கொண்டிருக்கட்டும் என்பது எங்கள் விதி.

நெரிசலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே கௌரி பேசினாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, ஆளை நேராகப் பார்த்துப் பேசுகிற கண். "மூஞ்சி வேணாம். பேரு வேணாம். காலையும் குழியையும் காமிக்கறேன். எனக்கு இன்னா ஆவுதோ ஆவுட்டும்னு பேசல. தெரிஞ்சா அடுத்த பாவு வராது, வீட்டை வுட்டுப் போன்னுவாரு. அது ஆவாம எடுக்க முடியுமான்னு கேக்கறேன்" என்றாள். பாவு என்பது தறியில் ஏற்றுகிற நூல். அது வராவிட்டால் அடுப்பு எரியாது. முடியும் என்று மேடம் சொன்னார். அவர் லேசில் சொல்கிற வார்த்தை இல்லை அது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் டேவிட் ஒரு சின்ன கேமராவை எடுத்துக்கொண்டு போனான். குழியில் செங்கல் நிறத்தில் தண்ணீர். அதற்குள் அவள் கால். கேமரா குழியிலிருந்து மெதுவாக மேலே ஏறி, தறியில் பாதி நெய்த பட்டுச்சேலையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்கு இறங்கும். அழகான படம். அந்தச் சேலையையும் இந்தத் தண்ணீரையும் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது. மாவட்ட அதிகாரிகள் சாயக்கழிவு பற்றி விசாரணை வைத்திருந்தார்கள். அங்கே இதைத் திரையில் காட்டுவது என்று முடிவானது.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும், அதை முதலில் அழித்தேன். அவள் குரலைத் தடிப்பாக்கினேன். பின்னாலிருந்து யாரோ 'கௌரி' என்று கூப்பிட்டது லேசாகக் கேட்டது, அதை எடுத்தேன். தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியை எடுத்தேன். சுவரில் கடைப்பெயரோடு ஒரு காலண்டர், மின்சார மீட்டரில் எண், காலில் மெட்டி, ஒவ்வொன்றாக மறைத்தேன். இணையமே பார்த்திராத ஒரு கணினியில்தான் இத்தனையும் செய்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மேனேஜராகப் பார்த்தேன், ரைட்டராகப் பார்த்தேன், வக்கீலாகப் பார்த்தேன். ஆளைச் சொல்ல முடியவில்லை. டேவிட்டும் உட்கார்ந்து பார்த்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்துவைத்தார்.

ஒரே ஒரு விதி பாக்கி இருந்தது. யாருடைய கதையோ அவருக்குக் காட்டாமல் எதையும் வெளியே விடக்கூடாது. லேப்டாப்பைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். காஞ்சிபுரத்தில் துணிக்கடைப் பையோடு போகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கௌரி தறியைவிட்டு எழுந்துவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. தன் குரல் ஆண்குரலாக வருவதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தத் தெருவில் கதவைத் தட்டிவிட்டு வருகிற வழக்கமெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம், கையில் ஒரு கிண்ணத்தோடு காபித்தூள் கேட்டு நேரே உள்ளே வந்துவிட்டாள். நான் மூடுவதற்குள் கண் திரையில் விழுந்துவிட்டது.

"இன்னாடி கௌரி, உன் தறிய டிவில காட்றாங்களா?" என்றாள்.

"எப்படிம்மா சொல்றீங்க?" என்றேன்.

"கரை தெரியுதேம்மா. அன்னத்துக்கு நடுவுல குத்துவிளக்கு. அந்தக் கல்யாணச் சேலை கௌரிக்குத்தான குடுத்துக்கிறாங்க. வேற யாருக்கு இருக்குது அந்தக் கரை?"

ஒரு கல்யாணத்துக்கென்று சொல்லிச் செய்கிற சேலையின் கரையை ஒரே ஒரு தறியில்தான் போடுவார்கள். யார் வீட்டுத் தறியில் என்ன கரை ஓடுகிறது என்பது தெருவுக்கே தெரியும். கரையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முதலாளிக்குத் தெரியாமல் இருக்குமா? மீட்டர் எண்ணை மறைத்தோம், மெட்டியை மறைத்தோம், முகவரியைவிடப் பெரிய முகவரியைத் திரை நிறைய விரித்து அழகு பார்த்தோம். எங்கள் நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்தார், போலீஸ் உட்கார்ந்தது, வக்கீல் உட்கார்ந்தார். காபித்தூள் கேட்டு வருகிறவள் ஒருநாளும் உட்காரவில்லை.

அதைவிட இன்னொரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சம்பூர்ணத்துக்கும் அதே முதலாளிதான் பட்டு கொடுக்கிறார். அவள் இப்போது பார்த்துவிட்டாள். லேப்டாப்பை மூடினேன். "இத்த வுட்டுடலாம், கௌரி. அழிச்சிடறேன். வேற எதனா வழி பாக்கலாம்" என்றேன்.

கௌரி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை.

"வுட்டுடலாம்னு நீ எப்படிம்மா சொல்லுவ? காலு என்னுது. குழி என்னுது. பயம் மட்டும் உன்னுதா?"

அவள் கேட்டது நியாயம். இத்தனை வருடம் ஆபத்தை அளந்து பழகியதில், அளக்கிறவள்தான் முடிவும் எடுக்க வேண்டும் என்று நான் எப்போதோ நினைக்க ஆரம்பித்திருந்தேன். எவ்வளவு ஆபத்து என்று சொல்வது என் வேலை. அதைத் தாங்குவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது கௌரி.

சம்பூர்ணம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். கௌரி ஒளிக்காமல் சொன்னாள். சம்பூர்ணம் தன் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அங்கேயும் அதே புண்.

"எங்குழியில மட்டும் பன்னீரா ஊறுது? யாருகிட்ட சொல்றதுன்னு இருந்தேன். இவகிட்டக் கூடச் சொல்லல" என்றாள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், தினம் காபித்தூளும் சர்க்கரையும் மாற்றிக்கொள்கிறவர்கள், காலை மட்டும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். பிறகு அவளே சொன்னாள். "என் தறில கோபுரக் கரைதான் ஓடுது. ஊர்ல பாதிப் பேருக்கு அவரு குடுக்கறது அதான். கௌரி வந்து எங்குழில காலை வெக்கட்டும். இன்னும் நாலு பேர நான் கேக்கறேன். எல்லாரும் கோபுரக் கரைக்காரங்களா பாத்து. கூட்டத்தோட கோயிந்தா போட்டுடலாம்."

அலுவலகத்தில் நான் இதைச் சொன்னபோது மேடத்தின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஒரு வாயை மூடறதுக்கே இத்தினி பாடு. நீ ஆறு வாயைத் தொறந்துட்டு வந்துக்கிற" என்றார். நானும் பக்கத்தில் போய்க் குனிந்து, அதே சத்தத்தில் பதில் சொன்னேன். "உலை வாயை மூடலாம் மேடம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. ஊர் வாயே நம்ம பக்கம் இருந்தா? அந்த ஆறு பேர்ல ஒருத்தர் சொன்னா ஆறு பேரும் மாட்டுவாங்க. அதனாலயே சொல்ல மாட்டாங்க. கருடசேவைக்கு எங்கள எதுக்குக் கூட்டிக்கினு போனீங்க? கூட்டத்துல ஆள் தெரியாதுன்னுதான?" "ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேளு. எல்லார் எதிர்லயும் கேட்டா வேணாம்னு சொல்ல வாய் வராது" என்றார் மேடம். கண்ணாடி மேசையில் கவிழ்ந்தது.

தனித்தனியாகக் கேட்டேன். உங்கள் பெயர் வெளியே வந்தால் என்னென்ன நடக்கலாம் என்பதை ஒன்றுவிடாமல், இனிப்புத் தடவாமல் சொன்னேன். ஒருத்தி முதலில் சரி என்றாள், படம் எடுத்த மறுநாள் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் பகுதியை அவள் கண்முன்னாலேயே அழித்தேன். மீதி ஐந்து பேரும் நின்றார்கள். அடுத்த மழைக்கு டேவிட் போனான். ஒருத்தி கால் இன்னொருத்தி குழியில், ஒருத்தி சொல்லவேண்டியது இன்னொருத்தி குரலில். யாருடைய கால் எது என்று கடைசியில் எனக்கே குழம்பிப்போனது. கௌரியின் தறிமேல் பழைய போர்வை ஒன்று போர்த்தியே கிடந்தது. 'கால்கள் உண்மை, குழிகள் உண்மை, தண்ணீர் உண்மை. எது யாருடையது என்பதை மட்டும் கலைத்திருக்கிறோம்' என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிப் போட்டோம். பொய் சொல்லி ஜெயிப்பதில் மேடத்துக்கு உடன்பாடு கிடையாது. அதோடு, ஒவ்வொரு குழியிலும் எடுத்த தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி வாங்கிய முடிவுகளையும் சேர்த்துவைத்தோம்.

நாற்காலியில் இந்தமுறை மேடமே உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்ததில்லை. "நான் இப்ப முதலாளி" என்றார். படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, எழுந்துவிட்டார். "தெரியலை. எல்லாம் நான் குடுத்த கரைதான்" என்றார்.

விசாரணை நடந்த கூடத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். முதலாளி தன் வக்கீலோடு முன்வரிசையில் இருந்தார். நல்ல வெள்ளை வேட்டி, கையில் மடித்த துண்டு. விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தண்ணீர் வந்தபோது அதிகாரிகள் முன்னால் சாய்ந்தார்கள். புண்பட்ட கால்கள் வந்தபோது யாரோ 'அடப்பாவமே' என்றார்கள். அவர் கண் தண்ணீரிலும் இல்லை, காலிலும் இல்லை. கேமரா குழியைவிட்டு மேலே ஏறுகிற ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். சேலையின் கரையைத்தான் பார்த்தார். கோபுரக் கரை. அடுத்த தறி, கோபுரக் கரை. அதற்கடுத்ததும் அதுவே. ஊரில் பாதித் தறிக்கு அவரே கொடுத்த கரை. படம் முடிவதற்குள் அவர் துண்டால் இரண்டுமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எழுந்து கைதட்டலாம்போல் இருந்தது.

"இதுல பேசறது யாரு, எந்த வீடு, அத்த சொல்லுங்க மொதல்ல" என்றார் வக்கீல்.

மேடம் எழுந்தார். குரல் மிகவும் இறங்கியிருந்ததால் கூடமே காதைத் தீட்டிக்கொண்டது. "எது யாருதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. தெரிஞ்சுக்காம இருக்கறதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டுக்கிறோம். தண்ணி யாருதுன்னு கேளுங்க, சொல்றோம்."

அதிகாரிகள் பட்டறையைப் போய்ப் பார்த்தார்கள். தொட்டியின் மதகுக்குப் பூட்டும் சீலும் போட்டார்கள். எல்லாப் பட்டறையும் திருந்திவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். வேறு இடங்களில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அடுத்த ஐப்பசியில் கௌரியின் குழியில் தண்ணீர் ஊறியது. மழைத்தண்ணீர், கொஞ்சம் சேறு. கௌரிக்கு அடுத்த பாவும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் நாற்காலியில் முதலில் உட்காருகிற ஆள் மாறிப்போனார். வக்கீலும் போலீசும் பிறகு வரட்டும், முதலில் பக்கத்து வீட்டுக்காரி.

நிவேதாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் அந்தச் செயலியிலிருந்து பதிவுகளை அழித்துவிட்டாள். அழித்தது உண்மையில் அழிந்ததா என்பது அதை வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். "இப்ப இன்னாக்கா பண்றது?" என்றாள். யார் யார் குரலை ஏற்றினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ஏற்றிவிட்டோம் என்று சொல் என்றேன். கேட்டுவிட்டு அவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். பயப்படுவதா, பொறுப்பதா, புகார் கொடுப்பதா என்பது அவர்கள் முடிவு. தெரியாமலேயே வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. அவள் போக ஆரம்பித்திருக்கிறாள். செருப்பு தேய்கிறது என்று நேற்று சொன்னாள். தேயட்டும், புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் நானே எதிராளியாக உட்கார்ந்து இரண்டுமுறை படித்தேன். பிறகு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு கௌரி வீட்டுக்குப் போனேன். தறியை நிறுத்தாமலே, முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சம்பூர்ணமும் வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாதான் எழுதிக்கிற" என்றாள் கௌரி. "பேர மாத்து. வயச மாத்து. அந்தக் கரைய அப்பிடியே எழுதி வெச்சிக்கிற பாரு, அத்தயும் எடுத்துட்டு வேற எதனா போடு."

மாற்றியிருக்கிறேன். அவள் பெயர் கௌரி இல்லை. அன்னத்தையும் குத்துவிளக்கையும் நான்தான் நெய்தேன்.